பார்ட் டைமா பறவை பிரீடிங்: எந்த ஜோடியை எடுக்கலாம்னு மூணு வருஷமா எழுதின நோட்டு

காலைல வேலைக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி 40 நிமிஷம், சாயங்காலம் வந்தப்புறம் அரை மணி நேரம். என் பறவை நோட்டோட முதல் பக்கத்துல இப்போ இது ரெண்டுதான் பெருசா எழுதி இருக்கு. மூணு வருஷம் முன்னாடி ஆரம்பிச்சப்போ அந்தப் பக்கத்துல எந்தக் குஞ்சு என்ன விலைக்குப் போகுதுன்னு ஒரு பட்டியல் இருந்துச்சு, அதைப் பாத்துதான் ஜோடி வாங்கினேன், அதனால முதல் வருஷம் முழுக்க கையை விட்டுதான் செலவு பண்ணேன். புதுசா ஆரம்பிக்கறவங்க எல்லாரும் "எதுல லாபம் ஜாஸ்தி?"ன்னுதான் கேக்கறாங்க, நானும் அப்படித்தான் கேட்டேன், ஆனா வேலைக்குப் போய்ட்டு பறவை வளக்கறவனுக்கு முதல்ல தெரிய வேண்டியது அந்தப் பறவை ஒரு நாளைக்கு நம்மகிட்ட எத்தனை நிமிஷம் கேக்கும், குஞ்சு தனியா தின்ன ஆரம்பிச்ச வாரமே அதை வாங்க ஆள் இருக்கா, இந்த ரெண்டும்தான்.

முதல்ல பேர் குழப்பத்தைச் சொல்லிடறேன். நம்ம பேச்சுல லவ் பேர்ட்ஸ்னா முக்காவாசி நேரம் அது பட்ஜி, ஆஸ்திரேலியாப் பறவை. நிஜ லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்கா, மடகாஸ்கர் பக்கம், மொத்தம் 9 வகை, அதனாலதான் அதை ஆப்ரிக்கன் லவ் பேர்ட்ஸ்னு தனியா சொல்றாங்க. நான் எடுத்தது இந்த ஆப்ரிக்கன் 4 ஜோடி, ரோஸி ஃபேஸ் ரெண்டு, கண்ணைச் சுத்தி வெள்ளை வளையம் இருக்கற ஃபிஷர் ரெண்டு. கலர் பிரமாதம், விலைப் பட்டியல்ல பட்ஜிக்கு ரொம்ப மேல, அது போதும்னு நெனச்சேன்.

ஒரு ரோஸி ஃபேஸ் ஜோடி ரெண்டே வாரத்துல, முட்டை வைக்க மாட்டியிருந்த பாக்ஸுக்குள்ள போயிடுச்சு. கூடு கட்ட பேப்பர் போட்டேன், அதுங்க பேப்பரை பஞ்ச் பண்ண மாதிரி ஓரம் ஓரமா கடிச்சு, நீட்டு நீட்டா ஒரே அகலத்துல பட்டை உரிச்சு, அந்தப் பட்டையை முதுகுக்குக் கீழ வாலுக்கு மேல இருக்கற இறகுக்குள்ள சொருகிகிட்டு பாக்ஸுக்குத் தூக்கிட்டுப் போச்சு, பாக்கவே அவ்ளோ அழகு, நான் காபி ஆறறது கூடத் தெரியாம நின்னு பாத்தேன். ரெண்டும் சொருகிச்சு. ஜோடியா எவ்ளோ ஒத்துமையா வேலை பாக்குதுன்னு சந்தோஷப்பட்டேன். அப்புறம் முட்டை வந்துச்சு, 5, 6ன்னு நிக்காம 9 முட்டை. ஒரு வாரம் கழிச்சு மொபைல் டார்ச்சை முட்டைக்கு அடில வெச்சு பாத்தேன், கரு கட்டியிருந்தா உள்ள சிவப்பா நரம்பு வலை மாதிரி தெரியணும், ஒம்போதுலயும் வெறும் மஞ்சள் வெளிச்சம்தான். அத்தனையும் கூமுட்டை.

அப்புறம்தான் ஒரு பழைய பிரீடர் அண்ணன் சொன்னார், "ரெண்டும் சொருகுச்சுன்னா ரெண்டும் பொட்டையாத்தான் தம்பி இருக்கும், சேவல் அந்த வேலையை ஒழுங்கா செய்யாது, 9 முட்டைன்னு வேற சொல்றே, அது ரெண்டு பேரு போட்டது". இறகு பிடுங்கி டிஎன்ஏ டெஸ்ட்டுக்கு அனுப்பினேன் (கீழ விழுந்த இறகு ஆகாது, வேர்ல சதை ஒட்டியிருக்கணும், நெஞ்சுல இருந்து நாலஞ்சு பிடுங்கினா போதும்). ரிசல்ட் வந்துச்சு, அண்ணன் சொன்னதுதான். ஆப்ரிக்கன் வகைல பாதிக்கு மேல ஆணும் பொண்ணும் பாக்க ஒரே மாதிரி, வித்தவர் இடுப்பு எலும்பை விரலால தடவிப் பாத்துட்டு "ஜோடி"ன்னு குடுத்தார், அந்தத் தடவல் முறை முட்டை போட்டு முடிச்ச பொட்டைக்கு ஓரளவு சரியா இருக்கும், வயசு கம்மியான பறவைக்கு நம்பவே முடியாது. நான் குஞ்சு எடுத்தாலும் அதே பிரச்சினைதான், வாங்க வர்றவங்க ஜோடியாக் கேப்பாங்க, நான் ஒவ்வொரு குஞ்சுக்கும் டெஸ்ட் பண்ணாத்தான் ஜோடின்னு சொல்லி மனசாட்சியோட குடுக்க முடியும்.

இன்னொண்ணு கால் விரல். ஆப்ரிக்கன் கேஜும் பட்ஜி கேஜும் ஒட்டி வெச்சிருந்தேன், ஒரு நாள் சாயங்காலம் வந்து பாத்தா ஒரு பட்ஜி குஞ்சு கம்பி ஓரமா ரத்தத்தோட, ஒரு விரல் நுனி இல்ல. கம்பியைப் பிடிச்சு ஏறினதைப் பக்கத்துக் கேஜுல இருந்து கடிச்சிடுச்சு. அன்னிக்கு ராத்திரியே நடுவுல பலகை வெச்சேன். இது ஆப்ரிக்கனோட சுபாவம், அது மேல தப்பு இல்ல, பக்கத்துல வெச்சது நான். அப்புறம் ரோஸி ஃபேஸையும் கண் வளையம் இருக்கற வகையையும் சேத்து ஜோடி போடாதீங்க, குஞ்சு பொறிக்கும், நல்லாவும் இருக்கும், ஆனா அந்தக் குஞ்சுங்க பெரும்பாலும் மலடு, வாங்கிட்டுப் போறவர் ரெண்டு வருஷம் காத்திருந்து ஏமாந்து போவார்.

இதுக்கு நடுவுலதான் நோட்டுல கணக்கை மாத்திப் போட ஆரம்பிச்சேன். பாக்ஸ் வெச்ச நாள்ல இருந்து குஞ்சு தனியா தின்னு விக்கற நிலைக்கு வர எத்தனை நாள்? ஜீப்ரா ஃபின்ச் (சிட்டுக்குருவி மாதிரி சின்னப் பறவை) முட்டை பொறிக்க 12ல இருந்து 14 நாள், கூட்டை விட்டு வெளில வர மூணு வாரத்துக்குள்ள, மொத்தத்துல ரெண்டு மாசத்துக்குள்ள முடிஞ்சிடும். பட்ஜி 18 நாள் அடை, அஞ்சு வாரத்துல வெளில வரும், அதுக்கப்புறம் ஒரு வாரம் பத்து நாள் அப்பன் ஊட்டும், பாக்ஸ் வெச்சு முட்டை வர்ற நாளையும் சேத்தா 70, 75 நாள். ஆப்ரிக்கன் 23 நாள் அடை, ஆறு வாரம் கூட்டுக்குள்ள, மூணு மாசம் கிட்ட. காக்டெய்ல் (தலைல கொண்டை இருக்கற கிளி) 18ல இருந்து 21 நாள் அடை, அதுக்கு மேல தனியா நல்லா தின்ன 8ல இருந்து 10 வாரம், அதுவும் மூணு மாசத்துக்கு மேலதான். ரிங்நெக் (கழுத்துல வளையம் இருக்கற பச்சைக் கிளி) மாதிரி பெரிய கிளி வருஷத்துக்கு ஒரு தடவைதான் முட்டை வைக்கும், அதுவும் 3 வயசு கிட்ட ஆனாத்தான், கத்தற சத்தத்துக்குப் பக்கத்து வீடு பொறுக்காது, அதனால அதை நான் பேனா எடுத்து அடிச்சிட்டேன்.

பெரிய கிளிங்க விஷயத்துல சட்டத்தையும் பாக்கணும். பல நாட்டுல அந்த நாட்டுக் காட்டுப் பறவையை வீட்ல வெச்சிருக்கறதே குற்றம், அதை யார் ஜோடியாக் கொண்டு வந்து குடுத்தாலும் வாங்கக் கூடாது. வெளிநாட்டு வகைன்னாலும் கிளிக் குடும்பத்துல கிட்டத்தட்ட எல்லாமே சைட்டீஸ் (அழியற உயிரினங்களை நாடு விட்டு நாடு விக்கறதைக் கட்டுப்படுத்தற சர்வதேச ஒப்பந்தம்) பட்டியல்ல இருக்கு, ஆப்ரிக்கன் கிரேங்கற பெரிய சாம்பல் கிளியை 2016ல உச்சக் கட்டுப்பாடு இருக்கற முதல் பட்டியலுக்கே ஏத்திட்டாங்க. பட்ஜி, காக்டெய்ல், ரோஸி ஃபேஸ், ரிங்நெக் இந்த நாலும்தான் அந்த சர்வதேசப் பட்டியலுக்கு வெளில, ஆனா ரிங்நெக் உங்க நாட்டுக் காட்டுல இருக்கற பறவைன்னா உள்ளூர்ச் சட்டம் தனியாப் பிடிக்கும். சட்டம் தெளிவா இருக்கற பறவையா எடுத்தா ராத்திரி நிம்மதியா தூங்கலாம், பார்ட் டைம் வேலைக்கு அந்த நிம்மதி ரொம்ப முக்கியம்.

கடைசில நான் அடித்தளமா எடுத்தது பட்ஜி. 1840ல ஜான் கூல்ட்ங்கற பறவை ஆராய்ச்சியாளர் உயிரோட இங்கிலாந்துக்குக் கொண்டு போனதுல இருந்து கூண்டுக்குள்ளயே தலைமுறை தலைமுறையா வளந்த பறவை, அதனால நம்ம கூட இருக்கறதுக்கு அதுக்கு அவ்ளோ சங்கடம் இல்ல. எனக்குப் பிடிச்ச முதல் விஷயம், மூக்கைப் பாத்தா ஆணா பொண்ணான்னு தெரிஞ்சிடும். அலகுக்கு மேல மூக்கு ஓட்டையைச் சுத்தி இருக்கற சதை, வளந்த சேவலுக்கு நீலம், பொட்டைக்கு பிரீடிங் நேரத்துல காஞ்ச பழுப்பு. குஞ்சுல சேவலுக்கு ஒரே மாதிரி ரோஸ் கலந்த ஊதா, பொட்டைக்கு ஓட்டையைச் சுத்தி வெள்ளை வளையம் தெரியும். சேவல் நீல மூக்கா இல்லாம கடைசி வரைக்கும் ரோஸாவே இருக்கறது லுட்டினோ (மஞ்சள் உடம்பு, சிவப்புக் கண்), அல்பினோ (வெள்ளை உடம்பு, சிவப்புக் கண்), ரெசசிவ் பைட் (திட்டுத் திட்டா கலர் கலந்தது) மாதிரி சில கலர்ல, அங்க மட்டும் கவனமாப் பாக்கணும்.

லுட்டினோ, அல்பினோ பத்தி நான் கத்துகிட்ட ஒண்ணு இருக்கு, இது எனக்கு நிஜமாவே பயன்பட்டுச்சு. ஆணா பொண்ணான்னு முடிவு பண்ற குரோமோசோம் பறவைல ஆணுக்குத்தான் ரெண்டும் ஒரே மாதிரி, பொண்ணுக்கு ஒண்ணுதான் அந்த மாதிரி, நமக்கு நேர் எதிர். அந்தக் குரோமோசோம்லதான் இந்த சிவப்புக் கண் கலர் உக்காந்திருக்கு. அதனால சிவப்புக் கண் சேவலையும் சாதாரண கறுப்புக் கண் பொட்டையையும் சேத்தா, பொறிக்கற குஞ்சுல சிவப்புக் கண் எல்லாம் பொட்டை, கறுப்புக் கண் எல்லாம் சேவல் (அந்தச் சேவலுங்க ஸ்ப்ளிட், வெளில தெரியாம உள்ள சுமந்துகிட்டு இருக்கும்). பொறிச்ச மூணாம் நாள், கண்ணே திறக்கல, தோலுக்கு அடில கண் இருக்கற இடத்தைப் பாத்தா ஒண்ணுல இளஞ்சிவப்பு, ஒண்ணுல கறுப்புப் பொட்டு மாதிரி தெரியும். பஞ்சு கூட முளைக்காத குஞ்சை உள்ளங்கைல வெச்சுகிட்டு "இது பொட்டை, இது சேவல்"னு நோட்டுல எழுதினப்போ எனக்கு அவ்ளோ சந்தோஷம். திருப்பிப் போட்டா, அதாவது சாதாரண சேவலுக்கு சிவப்புக் கண் பொட்டை போட்டா, இது நடக்காது, எல்லாம் கறுப்புக் கண்ணாத்தான் வரும். எந்தப் பக்கம் எதைப் போடறோம்கறதுதான் விஷயம்.

பட்ஜில தடுக்கி விழுந்த இடங்களையும் சொல்லணும். முதல்ல காலனியா விட்டேன், ஒரு பெரிய கேஜுல 6 ஜோடி, முட்டை வைக்க 6 பானை. யாரு யாரோட சேந்துச்சுன்னே தெரியல, ஒரு பொட்டை இன்னொண்ணோட பானைக்குள்ள பூந்து குஞ்சு மண்டையைக் கொத்தி வெச்சிடுச்சு, அப்பன் யாருன்னு தெரியாததால அந்த பேட்ச் குஞ்சுல இருந்து ஒரு ஜோடி கூட எனக்குன்னு வெச்சுக்க முடியல. இப்போ ஒரு ஜோடிக்கு ஒரு கேஜ், கம்பி இடைவெளி அரை இஞ்சுக்கு மேல போகாம. புது ஜிங்க் கம்பி கேஜ் வாங்கினா வினிகர் போட்டுத் தேச்சுக் கழுவி, நல்லா அலசி, வெயில்ல காய வெச்சு அப்புறம்தான் பறவையை விடறேன், கிளி ஜாதி எல்லாம் கம்பியை நக்கிகிட்டே இருக்கும், அந்த ஜிங்க் பொடி உள்ள போனா விஷம்.

பானைக்குப் பதிலா மரப் பாக்ஸுக்கு மாறினப்போ அடிப்பலகை வழவழன்னு சமமா இருக்கறதைக் கவனிக்கல. ரெண்டு குஞ்சு நீச்சல் அடிக்கற தவளை மாதிரி கால் ரெண்டும் பக்கவாட்டுல விரிஞ்சு வளந்துச்சு. சின்ன வயசுலயே கவனிச்சா ரெண்டு காலையும் மெத்துன்னு ஒரு டேப்பால இணைச்சுக் கட்டி சரி பண்ணலாம், நான் பாத்தப்போ 10 நாள் குஞ்சு, ஒண்ணு தேறிச்சு, ஒண்ணுக்கு ஒரு கால் இன்னும் கோணல்தான், அது எங்க வீட்லயே இருக்கு, விக்கல. இப்போ எல்லா பாக்ஸ்லயும் நடுவுல குழி செதுக்கின பலகை, அதுக்கு மேல மரச்சீவல் ரெண்டு விரல் கனம். பொட்டை பாதி சீவலை வெளில தள்ளிடும், திரும்பப் போடணும், சோம்பல் படக் கூடாது.

தீவனக் கிண்ணம் பத்தி ஒண்ணு. பறவை தினையை வாயிலயே உரிச்சுட்டு உமியை அதே கிண்ணத்துல போடும். நான் ஊருக்குப் போன ஒரு நாள் பக்கத்து வீட்டுத் தம்பியைப் பாத்துக்கச் சொல்லிட்டுப் போனேன், அவன் போன்ல "அண்ணா, கிண்ணம் ஃபுல்லாத்தான் இருக்கு"ன்னான், மறுநாள் நான் வந்து ஊதிப் பாத்தா அத்தனையும் உமி, அடில பத்து தினை கூட இல்ல. நாலு குஞ்சு வெச்சிருந்த ஜோடி அது, ஒரு குஞ்சு போயிடுச்சு. அவனுக்குத் தெரியாது, நான்தான் சொல்லியிருக்கணும். யார்கிட்ட பொறுப்பைக் குடுத்தாலும் முதல்ல உமி ஊதக் கத்துக் குடுங்க.

வயசு விஷயத்துல அவசரமே படாதீங்க. 7 மாசப் பொட்டை ஒண்ணு, மூக்கு பழுப்பாயிடுச்சு, பானைக்குள்ள எட்டிப் பாக்குது, சரின்னு விட்டுட்டேன். ஒரு நாள் காலைல கேஜ் தரைல உப்பிப் போய் உக்காந்திருந்துச்சு, வால் மேலயும் கீழயும் ஆடுது, கண் பாதி மூடி. கைல எடுத்தா அடிவயித்துல முட்டை கல்லு மாதிரி தட்டுப்பட்டுச்சு, அடைச்சுகிட்டிருக்கு. அமுக்கி எடுக்கலாம்னு யாராவது சொன்னா கேக்காதீங்க, உள்ள உடைஞ்சா உயிர் போயிடும். அட்டைப் பெட்டிக்குள்ள வெச்சு பல்பு போட்டு சூடு குடுத்து, ஈரத் துணி ஓரமா வெச்சு, நேரா டாக்டர்கிட்ட தூக்கிட்டு ஓடினேன், கால்சியம் ஊசி போட்டார், சாயங்காலம் முட்டை வந்துச்சு, தோல் மாதிரி ஓடு, மேல கட்டியாவே இல்ல. அன்னிக்கு ஆபீஸ் லீவு. அது பொழச்சுது, ஆனா அதுக்கப்புறம் அதை ஜோடி போடவே இல்ல. இப்போ ஒரு வயசு முடியாம எந்தப் பொட்டைக்கும் பாக்ஸ் கிடையாது, காக்டெய்லுக்கு ஒன்றரை வயசு, கடல் நுரை (கால்சியத்துக்குக் கொத்தற கணவாய் ஓடு) வருஷம் பூரா தொங்கிகிட்டே இருக்கும், அவிச்ச முட்டையை ஓட்டோட மசிச்சு வாரத்துக்கு ரெண்டு தடவை.

காக்டெய்லுக்கு வருவோம். எங்க வீட்ல எல்லாருக்கும் மனசுக்குப் பிடிச்ச பறவை இதுதான், சத்தமும் காதைக் குத்தாது, சேவல் விசில் அடிச்சா தெருவே திரும்பிப் பாக்கும். அடை உக்கார்றதுல ஷிஃப்ட் போட்டுக்கும், பகல்ல பெரும்பாலும் அப்பா, ராத்திரி அம்மா, காலைல நான் தண்ணி மாத்தறப்போ அந்த ஷிஃப்ட் மாறற நேரத்தை நிறைய தடவை பாத்திருக்கேன், அம்மா வெளில வந்து உடம்பை முறிச்சு சோம்பல் எடுக்கும், அப்பா கொண்டையைத் தாழ்த்திகிட்டு உள்ள போகும். விலையும் நல்ல விலை, ஒரு பழகின குஞ்சு வித்தா அஞ்சாறு பட்ஜி வித்த மாதிரி. அந்த "பழகின"ங்கற வார்த்தைலதான் நான் மாட்டிகிட்டேன்.

பழகின குஞ்சுன்னா ரெண்டு வாரத்துல கூட்டுல இருந்து எடுத்து சிரிஞ்சுல ஹேண்ட் ஃபீட் பண்ணணும்னு எல்லாரும் சொன்னாங்க. அந்த வயசுல மூணு நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஊட்டணும். தீவனக் கூழ் 39, 40 டிகிரி சூடு இருக்கணும், தெர்மாமீட்டர் வெச்சுப் பாக்கணும், கம்மியா இருந்தா இரைப்பைல தேங்கிப் புளிச்சுடும், ஜாஸ்தியா இருந்தா இரைப்பை வெந்து ஓட்டையாயிடும். ஆபீஸ் போறவன் எப்படி ஊட்டறது? முதல் பேட்ச்ல வீட்டம்மாதான் பகல்ல ஊட்டினா. மூணாம் வாரம் ஒரு நாள் சொன்னா, "ஏங்க, எனக்கும் வேலை இருக்கு, இதுங்க கத்தறப்போ விட்டுட்டுப் போகவும் மனசு வரல, இப்படியே போனா எனக்கு வெளில கிளம்பவே முடியாது போலருக்கு". நியாயமான பேச்சு. பார்ட் டைம்னு நான் சொல்லிகிட்டு இருந்தது அவளுக்கு ஃபுல் டைமா ஆயிடுச்சு. அந்த நேரத்துக்கு நான் நோட்டுல கணக்கே போடல.

அதுக்கப்புறம் முறையை மாத்தினேன். ஊட்டறதை அப்பா அம்மாகிட்டயே விட்டுட்டேன். குஞ்சுக்கு மூணு வாரம் ஆனதும் சாயங்காலம் மட்டும் 15 நிமிஷம் வெளில எடுத்து மடில துணி விரிச்சு உக்கார வெச்சு, தலையைத் தடவி, பேசி, திரும்ப வெச்சுடுவேன். முதல் நாள் உஸ்ஸுன்னு பாம்பு மாதிரி சீறும், முன்னயும் பின்னயும் ஆடும், நாலஞ்சு நாள்ல அடங்கிடும். ஹேண்ட் ஃபீட் குஞ்சு அளவுக்கு ஓடி வந்து தோள்ல ஏறாது, ஆனா கையை நீட்டினா ஏறும், அதுவே வாங்கறவங்களுக்குப் போதும், குஞ்சும் அப்பா அம்மாகிட்ட தின்னு கனமா திடமா இருக்கும். இதை முன்னாடியே யாராவது எனக்குச் சொல்லியிருந்தா எவ்ளோ நல்லா இருந்திருக்கும்.

காக்டெய்ல் எடுக்கறவங்க ரெண்டு விஷயம் தெரிஞ்சுக்கணும். இது உடம்புல இருந்து வெள்ளைப் பவுடர் கொட்டும், ரொம்பவே கொட்டும், ஃபேன் றெக்கை எல்லாம் ஒரு வாரத்துல வெள்ளையாயிடும், வீட்ல யாருக்காவது வீசிங் இருந்தா உள் ரூம்ல வைக்கவே கூடாது. ராத்திரி இருட்டுல திடீர்னு மிரண்டு கேஜுக்குள்ளயே அடிச்சுக்கும், றெக்கை கிழிஞ்சு ரத்தம் வரும், அதனால ராத்திரி பூரா ஒரு சின்ன லைட் எரியணும். கலர்ல, லுட்டினோவுக்கு லுட்டினோ சேத்துகிட்டே போனா கொண்டைக்குப் பின்னாடி வழுக்கை பெருசாகிட்டே போகும், சாம்பல் கலரை நடுவுல கலக்கணும். பேர்ல் கலர்ல (உடம்பு பூரா முத்து மாதிரி புள்ளி) சேவல் முதல் தடவை இறகு கொட்டி முளைச்சதும் அந்தப் புள்ளி எல்லாம் போய் சாதாரணமா ஆயிடும், இதை விக்கும்போதே சொல்லிடறேன், சொல்லாம விட்டா ஆறு மாசம் கழிச்சு "நீங்க குடுத்தது வேற பறவை"ன்னு நிப்பாங்க.

ஃபின்ச் பத்தி சுருக்கமா. ஜீப்ரா ஃபின்ச் ஆரம்பிக்க ரொம்ப சுலபம், சேவலுக்கு ஆரஞ்சு கன்னம், ஒரு பார்வைல தெரியும், சத்தம் பொம்மை விசில் மாதிரி, இடம் கம்மி. ஆனா நிறுத்தாம முட்டை வெச்சுகிட்டே இருக்கும், கூட்டை எடுத்தாலும் தீவனக் கிண்ணத்துலயே வைக்கும், குஞ்சு சீக்கிரம் பெருகி விலை படுத்துடும், என்கிட்ட ஒரு கட்டத்துல 40 இருந்துச்சு, வாங்க ஆள் இல்ல. கூல்டியன் ஃபின்ச் மேல எனக்குத் தீராத ஆசை. அந்த ஊதா நெஞ்சு, சிவப்பு இல்லன்னா கறுப்புத் தலை. முன்னாடி சொன்ன அதே கூல்ட் இறந்து போன தன் மனைவி எலிசபெத் பேரை வெச்ச பறவை அது, அவங்க அவரோட புத்தகங்களுக்கு ஓவியம் வரைஞ்சவங்க. ஆனா அது குளிர் காத்து தாங்காது, மூச்சுக்குழாய்ல பூச்சி ஏறும், பல பேர் முட்டையை பெங்காலீஸ் ஃபின்ச்சுகிட்ட அடைக்கு வெச்சு வளக்கறாங்க. என் 40 நிமிஷத்துக்குள்ள அது அடங்காது, அதனால இப்போதைக்கு வேணாம்னு முடிவு பண்ணிட்டேன், வேலைல இருந்து ரிடையர் ஆனப்புறம் கண்டிப்பா.

நோய் பத்தி சொல்லாம விட முடியாது. ரெண்டாம் வருஷம் ஒருத்தர் காலி பண்றேன்னு சொல்லி 5 ஜோடி பட்ஜி சல்லிசாக் குடுத்தார், வந்த அன்னிக்கே மத்த கேஜுங்களோட வெச்சுட்டேன். மூணு வாரத்துல ஒண்ணோட அலகு ஓரம் தேன்கூடு மாதிரி பொறுபொறுன்னு வெள்ளையா படிஞ்சு இருந்துச்சு, அது ஒரு வகைச் சிலந்திப்பேன், மருந்துல போயிடும், ஆனா அதுக்குள்ள ஏழு பறவைக்கு ஒட்டிகிச்சு. டாக்டர் மருந்து எழுதிட்டு என்னைத்தான் கண்டிச்சார், ஏன்னா கிளிக் காய்ச்சல்னு ஒண்ணு இருக்கு, சிட்டகோசிஸ், காஞ்ச எச்சத் தூசியை மூச்சுல இழுத்தா மனுஷனுக்கும் வரும், நிமோனியா வரைக்கும் போகும். அன்னில இருந்து புதுசா வர்ற பறவை 30 நாள் வேற ரூம்ல, தனித் தண்ணிக் கிண்ணம், அதுங்களை எப்பவும் கடைசியாத்தான் கவனிப்பேன், எச்சத் தட்டை காஞ்சதோட கூட்டவே மாட்டேன், தண்ணி தெளிச்சு ஈரமாக்கி மாஸ்க் போட்டுகிட்டு வழிப்பேன். நான்ஸ்டிக் சட்டி அதிகமா காஞ்சா வர்ற புகை பறவையை நிமிஷத்துல கொன்னுடும், சமையலறை காத்து போற பக்கம் கேஜே வைக்காதீங்க.

விக்கறது. இதை நான் கடைசியாத்தான் யோசிச்சேன், முதல்ல யோசிக்க வேண்டியது இதுதான். பெட் கடைக்காரர் 20 பட்ஜியை மொத்தமா எடுப்பார், விலை கம்மி, ஆனா ஒரே நாள்ல கேஜ் காலி, எனக்கு அந்த வாரத்துத் தீவனமும் நேரமும் மிச்சம். நேரா வீட்டுக்கு வந்து வாங்கறவங்க நல்ல விலை குடுப்பாங்க, ஆனா ஒவ்வொருத்தருக்கும் ஒரு மணி நேரம் போகும், ஞாயித்துக்கிழமை பூரா அதுலயே போயிடும், அவங்களுக்குப் பெரும்பாலும் காக்டெய்ல்தான் வேணும், குழந்தை கைல ஏறணும். அதனால சாதாரணக் கலர் பட்ஜி கடைக்கு, காக்டெய்லும் நல்ல கலர் பட்ஜியும் நேரா வர்றவங்களுக்குன்னு பிரிச்சுட்டேன். ஜோடி வாங்கறதுக்கு முன்னாடி ரெண்டு கடைக்காரரைப் பாத்து எந்தப் பறவை உங்ககிட்ட தங்காம போகுது, எது மாசக்கணக்குல நிக்குதுன்னு கேட்டுடுங்க, நேராச் சொல்லிடுவாங்க.

எல்லாக் குஞ்சுக்கும் கால்ல நம்பர் வளையம் போடறேன். பட்ஜிக்கு 7ஆம் நாள் கிட்ட, மூணு விரலைச் சேத்துப் பிடிச்சு வளையத்தை நுழைச்சு மேல தள்ளி, பின்னாடி மாட்டிகிட்ட சின்ன விரலை பல்குத்தியால மெதுவா வெளில எடுத்து விட்டா முடிஞ்சுது, ரெண்டு நாள் தாமதமானா கால் பெருத்துடும், ஏறாது. அந்த நம்பர், அப்பா நம்பர், அம்மா நம்பர், பொறிச்ச தேதி எல்லாம் நோட்டுல. ஜோடியா வாங்க வர்றவங்களுக்கு அண்ணன் தங்கச்சியைக் குடுக்காம இருக்க இது ஒண்ணுதான் வழி, இதுக்காகவே திரும்பி வர்றவங்க இருக்காங்க.

இப்போ என்கிட்ட 8 ஜோடி பட்ஜி, 3 ஜோடி காக்டெய்ல், ஆப்ரிக்கன்ல டெஸ்ட் பண்ண ஒரே ஒரு ஜோடி, அது எங்க பாப்பாவோடது. காலைல 40 நிமிஷத்துல உமி ஊதி, தண்ணி மாத்தி, எல்லா பாக்ஸையும் ஒரு தடவை திறந்து எட்டிப் பாத்து முடிச்சுடறேன். ஒரு ஜோடிக்கு வருஷத்துக்கு ரெண்டு ஈடு (முட்டை வெச்சு குஞ்சு எடுக்கற ஒரு சுத்து), மிஞ்சிப் போனா மூணு, அதுக்கு மேல பாக்ஸைக் கழட்டி சேவலையும் பொட்டையையும் பிரிச்சு வெச்சுடுவேன். 14ஆம் நம்பர் பச்சைப் பொட்டை ரெண்டாவது ஈடு முடிக்கப் போகுது, கடைசிக் குஞ்சு நேத்துதான் பாக்ஸ் ஓட்டை வழியா தலையை நீட்டி வெளில பாத்துச்சு, அது இறங்கி வந்ததும் வர்ற சனிக்கிழமை அந்த பாக்ஸைக் கழட்டிக் கழுவி வெயில்ல வைக்கணும், பாக்ஸ் போன கோபத்துல ஒரு வாரம் என் விரலைக் கடிக்கும்.